மாரியில் நிரம்பும் மலக்குழி, வேலிக்கு அப்பால் அக்காவின் கிணறு: 50 அடி விதிக்கு என்ன செய்வது?

வட்டக்கச்சியான் (வெள்ளி, இரவு 9.10)

எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சி, வட்டக்கச்சிப் பக்கம். அப்பாவின் அரை ஏக்கர்ப் பேர்மிட் காணியை (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது) நாங்கள் நான்கு பிள்ளைகள் வாய்ப்பேச்சில் பிரித்து, ஆளுக்கு 20 பேர்ச். இடப்பக்கம் அக்கா, வலப்பக்கம் தம்பி, கடைசித் துண்டு பிரான்சில் இருக்கும் அண்ணனுடையது, இப்போதைக்கு வெறும் பற்றை.

போர் முடிந்து 2011இல் திரும்பி வந்தபோது ஒரு தொண்டு நிறுவனம் மலசலகூடம் கட்டித் தந்தது. ஐந்து சீமெந்து வளையம் இறக்கி மேலே மூடி போட்டார்கள், அடியில் தளம் ஒன்றுமில்லை. இன்றுவரை ஒரு தடவைகூட அள்ளவில்லை. கோடையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கார்த்திகை பிறந்தால்தான் கூத்து. வாளித் தண்ணீரை ஊற்றினால் கோப்பைக்குள் அப்படியே நிற்கும், பிறகு குமிழி விட்டு விட்டு இறங்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இப்போது அம்மாவுக்கு முழங்கால் இயலாது. வீட்டோடு சேர்த்து குளியலறையும் கழிப்பறையும் கட்டலாம் என்று பிரதேச சபைக்கு வரைபடம் கொடுத்தோம். டி.ஓ.வும் (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) பி.எச்.ஐ.யும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தார்கள். வரைபடத்தில் புதுக்குழி பின்வளவில். எங்கள் கிணற்றிலிருந்து 75 அடி, சரி என்றார்கள். பிறகு பி.எச்.ஐ. வேலியை எட்டிப் பார்த்தார், நாடாவைக் கொண்டுபோய் அக்காவின் கிணற்றுக் கட்டில் வைத்தார். 38 அடி. “கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடி இல்லாமல் கையெழுத்து வைக்க மாட்டேன்.”

அக்காவே ‘பரவாயில்லை, கட்டு’ என்கிறா. சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறதா?

---

ஊர்க்குருவி (வெள்ளி, இரவு 9.34)

சட்டம் பார்த்தால் வன்னியில் ஒரு வீடும் கட்ட ஏலாது தம்பி. எங்கள் ஒழுங்கையில் பதினேழு வீடு, ஒன்றாவது 50 அடிக்குக் கட்டியதா? ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. பழைய குழியையே வைத்துக்கொண்டு அதிலிருந்து ஒரு குழாயை வீட்டுக்குள் இழுங்கள். வரைபடமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம்.

---

பழைய_பரிசோதகர் (வெள்ளி, இரவு 10.51)

ஓய்வுபெற்ற பி.எச்.ஐ. நான். வவுனியா, முல்லைத்தீவு இரண்டிலும் வேலை செய்தவன்.

ஊர்க்குருவி, ‘ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை’ என்று எப்படித் தெரியும்? பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் ‘கடையில் வாங்கித் தின்றது’ என்போம். கிணற்றைச் சோதிக்க யார் கொண்டுபோனார்கள்? இலங்கைக் குடிநீர்த் தரம் எஸ்.எல்.எஸ் 614. அதன்படி 100 மில்லிலீற்றர் தண்ணீரில் ஈ.கோலை என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது. நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. இரண்டையும் கண்ணால் பார்க்கவோ நாக்கால் ருசிக்கவோ முடியாது. நல்ல தெளிந்த, இனிப்பான கிணற்றுத் தண்ணீர்தான் சோதனையில் தோற்பதை அதிகம் பார்த்திருக்கிறேன்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். ஒரே சட்டம் என்று இல்லை, அதுதான் சிக்கல். கட்டட வரைபட அனுமதி 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும். நகர அபிவிருத்தி அதிகாரசபை பிரகடனம் செய்த இடமென்றால் அதன் 1978ஆம் ஆண்டுச் சட்டமும் விதிகளும் சேரும். சபைக்கு அதிகாரம் தருவது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம். மலக்குழியை எப்படிக் கட்டவேண்டும் என்று சொல்வது இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ் 745. விடுதி, ஆலை என்றால் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம். குழி நாறி வழிந்தால் 1862ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டம், இல்லாவிட்டால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவானிடம் போகலாம்.

இத்தனையும் எப்போது வேலை செய்கின்றன என்று பாருங்கள். ஒன்று, கட்டுவதற்கு முன் தாளில். மற்றது, வழிந்து ஊர் நாறிய பிறகு. இடையில் இருபது வருடம் அந்தக் குழி மண்ணுக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க எந்த உத்தியோகத்தரும் வருவதில்லை. நானும் போனதில்லை. டெங்கு, பாடசாலை, உணவுக்கடை, தொற்றுநோய் எல்லாம் ஒரே ஆளின் தலையில், ஒரு மோட்டார்சைக்கிளில்.

அக்காவின் சம்மதம் செல்லாது தம்பி. அந்தக் கிணறு நாளைக்கு அவவின் மருமகனுடையது.

---

ஸ்காபரோ_அண்ணர் (சனி, காலை 6.02)

நான் புதுக்குடியிருப்பு, இப்போது கனடா. ஒன்ராரியோ கிராமப்புறத்தில் மகன் வீடு வாங்கியபோது இந்தச் சங்கதி முழுவதும் படித்தேன். இங்கே வீட்டுக் கழிவுத்தொகுதி மாகாணக் கட்டடக் கோவையின் 8ஆம் பகுதியில் வரும். நாளுக்கு 10,000 லீற்றர் வரை என்றால் அதுதான், அதற்கு மேலே என்றால் மாகாணச் சுற்றாடல் அமைச்சு. முதலில் மண்ணைச் சோதிக்கிறார்கள். தண்ணீர் ஒரு சென்ரிமீற்றர் இறங்க எத்தனை நிமிடம் என்று அளந்து, அந்தக் கணக்கில்தான் கழிவுநீர் மண்ணில் ஊறும் படுக்கையின் நீளம்.

கிணற்று இடைவெளி: நிலத்துக்குக் கீழே 6 மீற்றர் வரை நீர் புகாத உறை போட்ட கிணறு என்றால் 15 மீற்றர். மற்றக் கிணறு எல்லாவற்றுக்கும் 30 மீற்றர்.

2000ஆம் ஆண்டு மே மாதம் வோக்கர்டன் என்ற சிற்றூரில் பெருமழைக்குப் பிறகு ஊர்க் குடிநீர்க் கிணற்றில் ஈ.கோலை புகுந்து ஏழு பேர் செத்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேல் நோயில் விழுந்தார்கள். அது மாட்டெருவால் வந்தது, மலக்குழியால் அல்ல. ஆனாலும் அதன் பிறகுதான் 2006இல் தூய நீர்ச் சட்டம் வந்தது. குடிநீர் மூலத்துக்குக் கிட்ட உள்ள ஆபத்து வலயங்களில் வீட்டுத் தொகுதிகளையும் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை பரிசோதிக்கிறார்கள். பழைய_பரிசோதகர் ஐயா சொன்ன அந்த ‘இடையில்’ என்பதற்கு இங்கே இப்படி ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்.

---

ஊர்க்குருவி (சனி, காலை 7.20)

அங்கே ஆளுக்கு ஏக்கர்க் கணக்கில் காணி அண்ணை. இங்கே 20 பேர்ச்சுக்குள் வீடு, கிணறு, குழி, மாட்டுக்கொட்டில், நான்கு தென்னை.

---

வட்டக்கச்சியான் (சனி, காலை 8.15)

ஸ்காபரோ அண்ணை, எங்கள் கிணறு திறந்த கிணறு, உள்ளே கல்கட்டு. உங்கள் கணக்கில் 30 மீற்றர், அதாவது 98 அடி. என் காணியின் முழு நீளமே 99 அடி. 😀 ஒரு மூலையில் கிணறு, மறு மூலையில் குழி, நடுவில் நாங்கள் பாய் விரித்துப் படுக்கலாம்.

---

கணக்கு_வாத்தி (சனி, மதியம் 12.40)

இந்தப் பகிடியை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிணற்றைச் சுற்றி 50 அடிக்கு வட்டம் கீறினால் பரப்பளவு ஏறத்தாழ 7,854 சதுர அடி. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. ஆக ஒரு கிணறு தன்னைச் சுற்றிக் கேட்கும் இடம் கிட்டத்தட்ட 29 பேர்ச். உங்கள் காணியோ 20. அதாவது உங்கள் கிணற்றின் வட்டம் எப்படியும் அக்கா, தம்பி காணிகளுக்குள் போகும். அவர்களுடையது உங்களுக்குள் வரும். விதி ஒரு காணியைப் பார்த்து எழுதப்பட்டது. தண்ணீருக்கு வேலி தெரியாது.

ஒழுங்கைக்கு ஒழுங்கை ‘கிணறு எல்லாம் முன்வளவில், குழி எல்லாம் பின்வளவில்’ என்று காணி பிரிக்கும் நாளிலேயே முடிவு செய்திருந்தால் 99 அடி நீளக் காணியில் எல்லோருக்கும் 50 அடி தாராளமாகக் கிடைத்திருக்கும். மீள்குடியேற்ற நேரத்தில் வீட்டுக்கு ஒரு நிறுவனம், கக்கூசுக்கு ஒரு நிறுவனம், கிணற்றுக்கு இன்னொரு நிறுவனம் என்று வந்து, ஒவ்வொருவரும் தங்கள் பெயர்ப்பலகை நடுவதற்கு வசதியான இடத்தில் கட்டிவிட்டுப் போனார்கள். அனுமதி கொடுப்பவர் வீடு வீடாகப் பார்க்காமல் ஒழுங்கை ஒழுங்கையாகப் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து.

---

முல்லைக்கரை (சனி, மாலை 5.05)

அக்காமார், அண்ணைமார், 50 அடி 50 அடி என்று நீட்டிப் படுக்கிற தூரத்தையே பேசுகிறீர்கள். ஆழத்தை ஒருவரும் பேசவில்லை. எங்கள் கரையோரம் மணல். கிணறே எட்டடிதான், நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது. மார்கழியில் குனிந்து கையால் வாளியை முக்கலாம். அப்போது ஆறடிக் குழி எங்கே இருக்கும்? தண்ணீருக்குள்தான். அதற்குப் பிறகு ஊறுவதற்கு என்ன இருக்கிறது, நேரே கலக்கிறது.

2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் குழி மூடியைத் திறந்தபோது மேல்மட்டமும் கிணற்று மட்டமும் ஒரே அளவு. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அதுவரை கிணறும் குழியும் இரண்டு என்று நினைத்திருந்தேன்.

---

பழைய_பரிசோதகர் (சனி, இரவு 8.30)

முல்லைக்கரை பிள்ளை, நான் எழுத நினைத்ததை எழுதிவிட்டீர்கள்.

வட்டக்கச்சியான், உங்கள் கோப்பையில் தண்ணீர் நிற்பதற்கும் அதுதான் காரணம். குழி ‘நிரம்பவில்லை’, நிலத்தடி நீர் உள்ளே ஏறியிருக்கிறது. இத்தனை வருடமாக அள்ளவில்லை என்று பலர் பெருமையாகச் சொல்வார்கள். அடியில்லாத குழி நிரம்பாததில் பெருமைப்பட ஒன்றுமில்லை, போனது எல்லாம் எங்கே போனது என்றுதான் கேட்கவேண்டும்.

கிருமியைக் கொல்வது தூரம் மட்டுமல்ல. குழியின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையில் உலர்ந்த மண் இருக்கவேண்டும், காற்றோட்டமுள்ள மண். அங்கே தங்கித் தங்கி இறங்கும்போதுதான் கிருமி சாகும். அந்த மண் நனைந்து நிறைந்துவிட்டால் 50 அடியும் வேகமாகக் கடக்கும். மண்ணுக்கு மண் வேறுபாடும் உண்டு. வவுனியாப் பக்கம் செம்மண்ணுக்குக் கீழே சிதைந்த பாறை, வெடிப்பு வழியே ஓடும். முருங்கன் பக்கம் கறுப்புக் களி, கோடையில் கை நுழையும் அளவு பிளந்து மாரியில் சட்டிபோல் தண்ணீர் பிடிக்கும், ஊறவே ஊறாது. முல்லைத்தீவு மணல் தாராளமாக விடும், வடிகட்டாது. மூன்றுக்கும் ஒரே 50 அடி.

எஸ்.எல்.எஸ் 745 இதையெல்லாம் கவனிக்கிறது, நீர் உறிஞ்சல் சோதனை செய்யவும் சொல்கிறது. வீட்டு வரைபடத்தோடு அந்தச் சோதனை முடிவைக் கேட்டு வாங்கிய சபையை என் சேவைக்காலத்தில் நான் பார்க்கவில்லை. நாடாவால் அளப்பது சுலபம், அதனால் அது மட்டும் நிலைத்துவிட்டது.

---

மேசன்_தம்பி (சனி, இரவு 9.48)

நான் கட்டுகிறவன். சொன்னால் கோபிக்கக்கூடாது. ‘செப்டிக் தாங்கி’ என்று வரைபடத்தில் இருக்கும், வந்து பார்த்தால் வீட்டுக்காரர் கேட்பது வளையக்குழிதான். தாங்கி என்றால் அடியும் சுவரும் சீமெந்து, உள்ளே பூச்சு, இரண்டு அறை, உள்வரும் வெளியேறும் இடத்தில் ‘ரீ’ குழாய். முதல் அறை பெரிது, அதில் கசடு அடியில் தங்கும், கொழுப்பு மேலே மிதக்கும், நடுத்தண்ணீர் மட்டும் மற்ற அறைக்குப் போய் அங்கிருந்து ஊறும் இடத்துக்குப் போகும். ஊறும் இடம் வேறு, தாங்கி வேறு. நாங்கள் இரண்டையும் ஒன்றாக்கி ஐந்து வளையம் போட்டு முடிக்கிறோம், காசு பாதி.

மூன்றடி விட்டம் ஆறடி ஆழம் என்றால் ஏறத்தாழ 1,200 லீற்றர்தான் வரும். ஆளுக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 40 லீற்றர் கசடு என்று ஒரு பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். ஆறு பேருக்கு 240. இரண்டாயிரம் லீற்றர்த் தாங்கி என்றால் மூன்று வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு கசடு. அப்போதே அள்ளவேண்டும், வழியும்வரை பார்த்திருக்கக்கூடாது.

நீர்மட்டம் உயர்ந்த இடத்தில் ஆழமாகத் தோண்டாமல், தாங்கியிலிருந்து ஆழமில்லாத நீள வாய்க்கால் வெட்டிச் சல்லி நிரப்பி விடலாம். அதுவும் மாரியில் மூழ்கும் என்றால் மணல் போட்டு நிலத்துக்கு மேலே திடல் கட்டவேண்டும். அதற்குக் கழிப்பறைத் தளத்தை உயர்த்தவேண்டும், நான்கு படி வரும்.

---

வட்டக்கச்சியான் (சனி, இரவு 10.15)

நான்கு படியா? அம்மாவின் முழங்காலுக்காகத்தானே இதெல்லாம் தொடங்கியது.

---

மேசன்_தம்பி (சனி, இரவு 10.22)

படிக்குப் பதிலாகச் சாய்தளம் போடலாம் அண்ணை. கைப்பிடியும் வைத்துத் தருகிறேன். முதலில் மார்கழியில் உங்கள் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கும் என்று சொல்லுங்கள்.

---

வட்டக்கச்சியான் (சனி, இரவு 10.40)

கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பார்க்கும் பழக்கம் அப்பாவுடையது. கிணற்றுக் கட்டிலிருந்து இல்லை, நிலத்திலிருந்து நாலரை, ஐந்தடி. புரட்டாதியில் இருபத்திரண்டு. இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாயும் வருடம் இன்னும் மேலே.

---

வன்னிமகள் (ஞாயிறு, காலை 7.00)

அள்ளுவது அள்ளுவது என்கிறீர்கள், அள்ளியதைக் கொண்டுபோய் எங்கே ஊற்றுகிறார்கள்? எங்கள் வீட்டுக்குச் சென்ற வருடம் ஒரு கலி பவுசர் (மலக்குழி உறிஞ்சும் தாங்கி வண்டி) வந்தது. வேலை முடிய, ‘எங்கே தம்பி கொட்டுவீர்கள்’ என்று சாரதியைக் கேட்டேன். சிரித்தார். அடுத்த கிழமை விறகுக்குப் போன பெண்கள் காட்டுக்கரையில் நாற்றம் என்று திரும்பி வந்தார்கள். யாருடைய பவுசர் என்று நான் சொல்லவில்லை, எனக்கு நிரூபிக்க முடியாது. ஆனால் நான் காசு கொடுத்து என் வளவிலிருந்து குளத்து நீரேந்து பகுதிக்கு அதை மாற்றியிருக்கிறேன் என்று நினைக்க வயிற்றைப் பிரட்டுகிறது.

குழாய்வழிக் கழிவகற்றல் உள்ளவர்கள் இந்த நாட்டில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர். மற்ற எல்லோரும் குழிதான். அப்படியென்றால் கசடு சுத்திகரிக்கும் இடம்தான் முதலில் வேண்டும். அதில்லாமல் வீட்டுக்காரனிடம் நாடா பிடிப்பது அரைவாசி வேலை.

---

பழைய_பரிசோதகர் (ஞாயிறு, காலை 9.12)

உண்மை பிள்ளை. இதற்குப் பதில் என்னிடம் இல்லை.

ஒன்று மட்டும் எல்லோருக்கும். பழைய குழியைத் திறந்து உள்ளே இறங்கி அள்ள ஒருவரையும் விடாதீர்கள். உள்ளே ஐதரசன் சல்பைட்டு நிற்கும். முதல் மூச்சில் முட்டை நாற்றம், கொஞ்சம் கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது, அதோடு ஆள் விழுவார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். ஒரே வீட்டில் இரண்டு பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். மூடியைத் திறந்து வைத்தால் மட்டும் அந்த நச்சுக்காற்று வெளியேறிவிடாது.

---

மேசன்_தம்பி (ஞாயிறு, மாலை 4.30)

வட்டக்கச்சி அண்ணை, ஒரு வேலை செய்யுங்கள். 50 அடிக்கு ஒரு நைலோன் கயிறு வெட்டுங்கள். உங்கள் கிணறு, அக்காவின் கிணறு, தம்பியின் கிணறு, மூன்றிலும் ஒரு முனையைப் பிடித்து மறுமுனையால் உங்கள் வளவுக்குள் சாம்பல் கோடு போடுங்கள். மூன்று கோட்டுக்கும் வெளியே எந்த மண் மிஞ்சுகிறது என்று பார்த்தால் கதை முடிந்தது. வரைபடத்தில் தெரியாதது நிலத்தில் தெரியும்.

---

வட்டக்கச்சியான் (அடுத்த ஞாயிறு, மாலை 6.50)

செய்தோம். அக்காவின் மகன் கயிறு பிடிக்க, அம்மா கதிரை போட்டு இருந்து பார்த்தா. பின்வளவு முழுவதும் அக்காவினதும் தம்பியினதும் கோட்டுக்குள் போய்விட்டது. முன்னால் வலப்பக்கம் எங்கள் கிணற்றுக் கோட்டுக்குள். மிஞ்சியது ஒரு முக்கோணத் துண்டு, இடது வேலியோரம், வாசலுக்கு நேரே, உள்ளே ஆறேழு அடி கூட வராது. ‘வருகிறவர்கள் முதலில் அதையா பார்ப்பார்கள்’ என்று மனிசி ஒரு நாள் பேசவில்லை. வேலிக்குப் பக்கத்தில் என்பதால் அக்காவிடம் மறுபடியும் கேட்டோம். ‘என்ரை கிணத்துக்கு ஒன்றும் இல்லையென்றால் சரி’ என்றா.

பி.எச்.ஐ.யைக் கூப்பிட்டுக் காட்டினேன். சாம்பல் கோட்டைப் பார்த்துச் சிரித்தார், தன் நாடாவாலும் அளந்தார். அக்காவின் கிணற்றுக்கு 53, எங்களுடையதற்கு 51. நீர் புகாத இரண்டறைத் தாங்கி, ஊறும் இடம் அந்தத் துண்டில் ஆழமில்லாமல், மேலே மணல் திடல், பழைய வளையக்குழியை அள்ளி மூடவேண்டும் என்று எழுதிப் புதிய வரைபடம் கேட்டார். வரைபடப்படிதான் கட்டியது என்று சபை தரும் இசைவுச் சான்றிதழுக்கு முன் தாங்கியில் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டு மட்டம் இறங்குகிறதா என்று தான் வந்து பார்ப்பாராம். அப்படிக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்றேன். கிணற்றுத் தண்ணீரையும் சோதனைக்குக் கொடுத்திருக்கிறோம், மூன்று கிணற்றினதும்.

மேசன் தம்பிக்கு ஒரு கேள்வி. அந்த முக்கோணத்தின் ஓரத்தில் அப்பா வைத்த கறுத்தக் கொழும்பான் மாமரம் நிற்கிறது. ஷெல்லுக்குத் தப்பியது அது ஒன்றுதான். அதை வெட்டாமல் எத்தனை அடி தள்ளவேண்டும்?

---

மேசன்_தம்பி (அடுத்த ஞாயிறு, இரவு 8.05)

வெட்டவேண்டாம். மதியம் பன்னிரண்டு மணிக்குக் கிளை நிழல் எதுவரை விழுகிறதோ அதுவரை வேர் என்று வையுங்கள், உண்மையில் அதைத் தாண்டியும் போகும். ஈரம் கண்டால் வேர் வரும், சல்லிக்குள் புகுந்து அடைத்துவிடும். நிழலுக்கு வெளியே மண் எவ்வளவு மிஞ்சுகிறது என்று நாளைக்கு ஒரு படம் எடுத்துப் போடுங்கள். புதன்கிழமை நான் பரந்தனில் வேலை, வரும் வழியில் வந்து பார்க்கிறேன்.